கார்த்திகை விளக்கா? கால்பந்து மேட்சா? பண்டிகை ராத்திரியில் திண்டாடும் ரசிகர்கள்!

கரிவலம்வந்தநல்லூர்:

மாலை 6 மணிக்கு வாசலில் கார்த்திகை விளக்கு. இரவு 8½ மணிக்கு டெலிவிஷனில் மொராக்கோ - ஸ்பெயின் மேட்ச்!

2022-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி செவ்வாய்க்கிழமை தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்களுக்கு வந்த சோதனை இது. திருவண்ணாமலை உச்சியில் மகா தீபம் ஏற்றிய அதே ராத்திரியில்தான், கத்தார் நாட்டில் நடந்த உலகக் கோப்பையின் 'நாக்-அவுட்' ஆட்டமும் வந்து விழுந்தது.

தோற்றவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டிய ஆட்டம். அதைப் பார்க்காமல் இருக்க எந்த ரசிகனுக்கு மனசு வரும்?

வருஷத்துக்கு ஒரு நாள் வரும் தீபம். அதை விட்டுவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தால் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்?

நெருப்புக்கு உரிய ஊர்

மற்ற ஊரைவிடக் கரிவலம்வந்தநல்லூருக்குக் கார்த்திகை கொஞ்சம் விசேஷம்.

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் ரோட்டில் உள்ள ஊர் இது. இங்கே கோயில் கொண்டிருப்பவர் பால்வண்ணநாதர். அம்பாள் ஒப்பனையம்மாள்.

இந்த வட்டாரத்தில் பஞ்ச பூதத் தலங்கள் என்று 5 கோயில்களைச் சொல்வார்கள். சங்கரன்கோவில் மண்ணுக்கு, தாருகாபுரம் தண்ணீருக்கு, தென்மலை காற்றுக்கு, தேவதானம் ஆகாயத்துக்கு. கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கு!

நெருப்புக்கு உரிய ஊரில் கார்த்திகை அன்று வாசலில் விளக்கு இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் கேட்க மாட்டார்களா?

விளக்கு மட்டுமா? சிவன் கோயில்களில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். வீட்டில் பனை ஓலைக்குள் மாவை வைத்து அவித்த கொழுக்கட்டை. நெல்லைச் சீமையில் ஓலைக் கொழுக்கட்டை இல்லாமல் கார்த்திகை கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மேட்ச் புகுந்தால் என்ன ஆகும்?

ஒரு வீட்டுக் கதை

ஒரு பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இன்ன வீடு என்று இல்லை. எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடுதான்.

வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை பார்க்கிறவர். மகன் பத்தாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் மெஸ்ஸி என்றால் உயிர். மெஸ்ஸி ஆடாத நாளிலும் மேட்ச் பார்த்தே ஆக வேண்டும்!

காலையிலிருந்தே வீட்டுக்காரம்மாவுக்கு வேலை. வீடு மெழுக வேண்டும். மாவு இடிக்க வேண்டும். வெல்லம் காய்ச்ச வேண்டும். ஓலை நறுக்க வேண்டும். விளக்குகளைத் துலக்கித் திரி போட வேண்டும்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாளாவது பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன்" என்கிறார் அவர்.

"போவோம், போவோம். எட்டரைக்குள்ள வந்துரலாம்லா?" என்று பதில் வருகிறது.

திண்ணையில் இருக்கும் ஆச்சி விடுவாரா? "சாமி காரியத்துக்குக் கூட மணி பாக்கியாலே? உங்க அப்பன் இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று ஒரு போடு போடுகிறார்.

மகன் இதற்குள் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அந்த உலகக் கோப்பையை ஜியோ சினிமாவில் செல்போனிலேயே காசில்லாமல் காட்டினார்கள். டெலிவிஷனை அணைத்தால் மேட்ச் நின்றுவிடும் என்ற காலம் மலையேறிவிட்டது!

ஏன் வந்தது இந்த வம்பு?

உலகக் கோப்பைக் கால்பந்து வழக்கமாக ஜூன், ஜூலையில் நடப்பது. நம் கணக்கில் ஆனி, ஆடி. தீபமும் இல்லை, தீபாவளியும் இல்லை.

கத்தாரில் அந்த மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆட்டக்காரர்கள் சுருண்டு விழுந்துவிடுவார்கள். அதனால்தான் சரித்திரத்தில் முதன்முறையாக நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை வைத்தார்கள்.

நம் ஊருக்கு அது கார்த்திகையும் மார்கழியும்! ஐயப்பன்மார் மாலை போட்டிருக்கும் காலம். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சைக் காலம்.

முதல் சுற்றில் ஒரு நாளைக்கு 4 ஆட்டம் கூட நடந்தது. நம் நேரப்படி மாலை 3½, 6½, இரவு 9½, நள்ளிரவு 12½. பிற்பாடு இரவு 8½ மணி, 12½ மணி என்று ஆயிற்று.

விடிந்தால் ஷிப்டுக்குப் போகிறவரும், பஸ் பிடித்து ஆபீசுக்கு ஓடுகிறவரும் ராத்திரி 2½ மணி வரை கண் விழித்தால் மறுநாள் கதி என்ன?

விளக்கு அணைந்தது... ஆட்டம் முடியவில்லை!

சரி, தீப ராத்திரியில் என்ன நடந்தது?

6 மணிக்கு விளக்கு ஏற்றியாயிற்று. 8½ மணிக்கு மேட்ச் தொடங்கியது. நடுவில் 2½ மணி நேரம். யோசித்துப் பார்த்தால் சாமி கும்பிட்டு, சொக்கப்பனை பார்த்து, கொழுக்கட்டையும் தின்றுவிட்டு வந்து உட்கார நேரம் இருக்கத்தான் செய்தது.

வம்பு அதற்குப் பிறகு! 90 நிமிஷத்தில் கோல் இல்லை. கூடுதலாக 30 நிமிஷம் கொடுத்தார்கள். அதிலும் கோல் இல்லை. வாசலில் விளக்குகள் எண்ணெய் வற்றி அணைந்திருக்கும். ஆட்டம் முடியவில்லை.

கடைசியில் பெனால்டி. மொராக்கோ கோல்கீப்பர் போனோ 2 பந்தைத் தடுத்தார். இன்னொரு பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஸ்பெயின் ஒரு கோல் கூடப் போடவில்லை. 3-0 என்று மொராக்கோ ஜெயித்தது. பெரிய டீம் வீட்டுக்குப் போனது!

'இதைப் பார்க்காமல் தூங்கியிருந்தால்?' என்று ரசிகன் நினைப்பான்.

'இதைப் பார்த்தாயே, சட்டி பானையை யார் கழுவினார்கள்?' என்று வீட்டுக்காரி நினைப்பாள்.

இரண்டும் நியாயம்தான்.

அதோடு விட்டதா? 12 நாள் கழித்து டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். மார்கழி 3. அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று இழுத்துக்கொண்டே போய், பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா கோப்பையைத் தட்டிச் சென்றது. முடியும்போது மணி 11-ஐத் தாண்டிவிட்டது.

மார்கழியில் கோலம் போடுகிற பெண்களுக்கு விடியல் 4½ மணிக்கே தொடங்கிவிடும். பக்கத்து அறையில் "கோல்! கோல்!" என்று கத்தினால் அவர்கள் எப்போது தூங்குவது?

இது புதுசா?

பண்டிகையும் விளையாட்டும் மோதுவது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. பெரியவர்களைக் கேட்டால் 'பொங்கல் டெஸ்ட்' என்பார்கள்.

அப்போதெல்லாம் சென்னை சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்தில்தான் கிரிக்கெட் டெஸ்ட் நடக்கும். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விஸ்வநாத் 97 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றது பொங்கல் வாரத்தில்தான். 1982-ல் இங்கிலாந்துக்கு எதிராக அவரே 222 ரன் குவித்ததும் பொங்கலை ஒட்டித்தான். 1988-ல் ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் சாய்த்ததும் அப்படித்தான்.

வீட்டில் பால் பொங்கும். ஒரு காது அடுப்பங்கரையில், இன்னொரு காது ரேடியோவில்! டெஸ்ட் மேட்ச் பகலில் நடப்பது. சாயங்காலம் ஆட்டம் நின்றால் மனுஷன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

ராத்திரி மேட்சில் அந்த வசதி கிடையாது. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தைத்தான் அது தின்கிறது.

மலைக்கு அந்தப்பக்கம்

மேற்கே தெரிகிற மலையைத் தாண்டினால் கேரளம். செங்கோட்டைக் கணவாய் வழியாக பஸ்ஸும் ரயிலும் ஓடுகின்றன. மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவில் வழியாகத்தான் போகிறது.

அங்கே கால்பந்து என்றால் பித்து. 2022 உலகக் கோப்பைக்குக் கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்கள். போட்டிக்கு நெய்மார் ரசிகர்கள் அதைவிட உயரமாக ஒன்று வைத்தார்கள்!

கொச்சி பக்கத்தில் 17 பேர் சேர்ந்து 23 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கிவிட்டார்கள். எதற்கு? எல்லோரும் கூடி உட்கார்ந்து உலகக் கோப்பை பார்ப்பதற்கு!

கூச்சல் சொந்த வீட்டுக்குள் வராது என்பது சரிதான். ஆனால் 23 லட்சம் போட்டு வீடு வாங்க எல்லோராலும் முடியுமா?

அதே வருஷம் மலப்புரம் மாவட்டம் மஞ்சேரியில் சந்தோஷ் டிராபி நடந்தது. அது ரம்ஜான் நோன்பு மாதம். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் நோன்பு திறந்துவிட்டு மைதானத்துக்கு வந்தார்கள். கேலரி நிரம்பி வழிந்தது.

இறுதியாட்டம் மே 2. மறுநாள் பெருநாள்! வீட்டில் பிரியாணிக்கு மசாலா அரைக்கிற ராத்திரி. மைதானத்தில் கேரளமும் மேற்கு வங்காளமும் 1-1 என்று கூடுதல் நேரம் வரை மல்லுக்கு நின்றன. பெனால்டியில் 5-4 என்று கேரளம் ஜெயித்தது. அந்தக் கோப்பை கேரளத்துக்கு 7-வது முறை. ஊருக்கே இரண்டு பெருநாள்!

நோன்பை விட்டுவிட்டு யாரும் வரவில்லை. மேட்சையும் விடவில்லை. ஆட்டம் ராத்திரியில் இருந்ததால் இரண்டும் நடந்தது.

கொச்சியில் பாதி டிக்கெட்!

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது 2024 செப்டம்பர் 15-ல் கொச்சியில் நடந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. திருவோணம். மலையாளிக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. எங்கே இருந்தாலும் ஓணச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து ஐ.எஸ்.எல். போட்டியில் கேரளா பிளாஸ்டர்ஸ் டீமுக்குச் சொந்த ஊரில் முதல் ஆட்டம். எதிரி பஞ்சாப் டீம். இடம் கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்.

கிளப் என்ன செய்தது? டிக்கெட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டது! ஸ்டேடியத்தில் எத்தனை பேருக்கு இடமோ அதில் சரிபாதிப் பேருக்குத்தான் அனுமதி என்று முன்கூட்டியே அறிவித்தது.

காரணம்தான் முக்கியம். ஸ்டேடியத்தில் வேலை செய்கிறவர்களும் ஓணத்தன்று குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றது கிளப்.

டிக்கெட் கிழிப்பவர், கேட்டில் நிற்பவர், குப்பை அள்ளுபவர், தண்ணீர் விற்பவர் என்று ஒரு மேட்சுக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூட்டம் பாதியானால் வேலைக்கு வர வேண்டிய ஆளும் குறையும் அல்லவா?

மேட்ச் எப்படிப் போனது? 85 நிமிஷம் வரை ஒரு கோலும் இல்லை. பிறகு பெனால்டியில் பஞ்சாப் ஒரு கோல். கேரளா திருப்பி ஒரு கோல். 'டிரா' என்று எல்லோரும் எழுந்திருக்கும் சமயத்தில் பஞ்சாப் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது!

பாயசத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் தோல்வியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் கடைசிப் பத்து நிமிஷத்தில் விழுந்த 3 கோலையும் ஸ்டேடியத்தில் பார்க்க முடியாமல் போனது. யாருக்கு லாபம்?

வெள்ளைக்காரன் வீட்டிலும் இதே கதை!

கால்பந்துக்குத் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் அன்றே மேட்ச் நடக்கும். வேலைக்காரர்களுக்கு லீவு கிடைப்பது அன்றுதானே!

1957-ம் வருஷத்தோடு கிறிஸ்துமஸ் அன்று எல்லா டீமும் ஆடுகிற வழக்கம் நின்றது. மறுநாள் டிசம்பர் 26-ந் தேதி ஆடுவது மட்டும் நிலைத்தது. 25-ந் தேதி வீட்டுக்கு, 26-ந் தேதி மேட்சுக்கு என்று ஊரே பங்கு பிரித்துக்கொண்டது.

அங்கேயும் இப்போது தகராறுதான். 2025-ல் பிரீமியர் லீக் அந்த நாளுக்கு ஒரே ஒரு மேட்ச்தான் வைத்தது. தலைமுறை தலைமுறையாக அப்பனும் மகனும் சேர்ந்து மேட்சுக்குப் போகிற நாளைப் பறிக்கலாமா என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் மேட்சுக்குப் போகிறவன் குடும்பத்தை விட்டுப் போகிறான். அங்கே குடும்பமே சேர்ந்து மேட்சுக்குப் போகிறது!

லீவு யாருக்கு?

பண்டிகையா, மேட்சா என்று சண்டை போட வேண்டுமானால் முதலில் லீவு வேண்டும். அது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

கார்த்திகை தீபத்துக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை கிடையாது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. தீபத்தன்று கிளார்க் ஆபீசில்தான் இருந்தாக வேண்டும். கடைக்காரருக்கோ பண்டிகை என்றால் வியாபாரம். அகல் விளக்கும் வெல்லமும் எண்ணெயும் விற்கிற அண்ணாச்சி தன் வீட்டு விளக்கை எப்போது ஏற்றுவார்?

தொழில் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1958-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாளோடு, பண்டிகைக்கென்று இன்னும் 5 நாள் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளத்தோடு இன்னொரு நாள் மாற்று லீவு.

அந்த 5 நாளில் கார்த்திகையைச் சேர்ப்பதா, வேறு நாளைச் சேர்ப்பதா என்று தொழிலாளிகள் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

பண்டிகை ராத்திரியில் பஸ் ஓட்டுகிற டிரைவர், சொக்கப்பனைக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கிற போலீஸ்காரர், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். இவர்களுக்குத் தீபமும் இல்லை, மேட்சும் இல்லை!

எல்லோருக்கும் மேலே ஒரு டியூட்டி இருக்கிறது. அதற்கு லீவும் கிடையாது, இரட்டைச் சம்பளமும் கிடையாது. அதுதான் அடுப்பங்கரை டியூட்டி. பண்டிகை என்றால் ஆண்களுக்கு லீவு, பெண்களுக்கு ஓவர்டைம்!

என்னதான் வழி?

மேட்ச் பார்க்கக் கூடாது என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. வேலை செய்கிற மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா? பையன்கள் சிகரெட்டும் சீட்டும் என்று போகாமல் பந்தைப் பார்த்தால் நல்லதுதானே?

சண்டைக்கு உண்மையான காரணம் மேட்ச் இல்லை. பண்டிகை வேலை முழுவதையும் ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு மற்றவர் எழுந்து போவதுதான்.

கொச்சியில் ஒரு கிளப்பே டிக்கெட்டில் பாதியை விட்டுக்கொடுத்து, கேட்டில் நிற்கிற ஆளும் ஓணம் கொண்டாடட்டும் என்று நினைத்தது. மஞ்சேரியில் நோன்பு திறந்த பிறகு பந்து உருண்டது. வீட்டுக்குள்ளே ஒரு சின்ன ஏற்பாடு முடியாதா?

மேட்ச் எத்தனை மணிக்கு என்பது மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும். தீபம் என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஓலை நறுக்கவும், வாசல் தெளிக்கவும், விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும் அப்பனுக்கும் மகனுக்கும் கை இருக்கிறது. வேலை சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்காரம்மாவும் வந்து உட்காரலாம். பெனால்டி என்றால் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது? ஆச்சி கூட "அந்தச் செவப்புச் சட்டைக்காரன் யாருலே?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்!

2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில். தேதி ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. இறுதியாட்டம் நம் நேரப்படி ஜூலை 20, திங்கட்கிழமை பிறந்த நள்ளிரவு 12½ மணி. கார்த்திகையும் இல்லை, ஓணமும் இல்லை. மோதல் முழுக்கத் தூக்கத்தோடும், திங்கட்கிழமை வேலையோடும்தான்!

பண்டிகையும் மேட்சும் ஒரே நாளில் வந்து நிற்கும் காலம் இனியும் வரும். வந்தால் ரசிகர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

கால்பந்தில் இடைவேளை 15 நிமிஷம். கொழுக்கட்டைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்க அது தாராளமாகப் போதும்!